எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். செய்த தப்பின் கனம் அதில்தான் இருக்கிறது. நான் ஆயுள் காப்பீட்டு முகவர். திருவண்ணாமலை டவுனிலும், கீழ்பென்னாத்தூர், வேட்டவலம், செங்கம் பக்கத்துக் கிராமங்களிலும் பாலிசி போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன். புரொபோசல் படிவம் நிரப்ப உட்காரும்போது வாடிக்கையாளரிடம் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. “சுகர் இருந்தா இருக்குன்னு சொல்லிடுங்க. பி.பி. மாத்திரை போட்டா போடறேன்னு சொல்லிடுங்க. பிரீமியம் கொஞ்சம் ஏறும், அவ்ளோதான். மறைச்சீங்கன்னா நாளைக்கு உங்க வீட்டம்மாதான் ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலையணும்.” கேட்பவர் கொஞ்சம் விவரமானவர் என்றால் 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவையும் எடுத்து விடுவேன். 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று வருடம் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. அந்த மூன்று வருடத்துக்குள் ஆள் போய்விட்டால் மட்டும், எந்த ஆஸ்பத்திரியில் என்ன சீட்டு வாங்கினார் என்பதுவரை தோண்டுவார்கள். சர்க்கரையை மறைத்து எழுதச் சொன்ன ஒருவரிடம், உங்கள் பாலிசியே வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கிறேன். அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

அந்த நான்தான் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் செய்யப் போய், அவர்கள் நீட்டிய மருத்துவப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. கார்த்திகை பிறந்தால் சட்டைப்பையில் இன்ஹேலர் ஏறிவிடும், தை முடியும்வரை இறங்காது. பௌர்ணமி கிரிவலத்தில் பதினான்கு கிலோமீட்டரையும் நிற்காமல் நடந்தேன் என்றால் அது வெயில் காலத்துப் பௌர்ணமியாக இருக்கும். பனிக்காலத்தில் கற்பூரப் புகையும் கூட்டம் கிளப்பும் புழுதியும் சேர்ந்துகொள்ள, வருண லிங்கம் தாண்டி வாயு லிங்கம் வருவதற்குள் ஓரமாக உட்கார்ந்து பஃப் இழுக்க வேண்டியிருக்கும். வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் காற்றுக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறான் பார் என்று கூட வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

இப்படிப்பட்டவனுக்குக் கடலுக்கடியில் போக ஆசை எங்கிருந்து வந்தது? பொறாமையிலிருந்து வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் என் மச்சான் அந்தமானுக்குப் போய், ஹேவ்லாக் தீவில் முங்கி, மீன் கூட்டத்துக்கு நடுவில் கையை ஆட்டும் வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். என் மனைவி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். “எங்க தம்பிக்குத் தைரியம் ஜாஸ்தி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

காரில் போகிற தூரத்தில் ஓர் இடம் வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். கேட்டவர்களிடம், “எதுக்கு ஃப்ளைட்டுக்குக் காசைக் கொட்டணும், நம்ம கடல்லயே இல்லாத மீனா?” என்று சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் வேறு. விடியற்காலையில் வண்டி எடுத்தால் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். வீட்டில் திண்டிவனத்தில் ஒரு பார்ட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என் மூச்சிரைப்பைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. அவளிடம் சொன்னால் போக முடியாது. பொய் எவ்வளவு தூரம் தாங்குமோ அதுவரைதான் என் கார் போகும் என்று முடிவாகிவிட்டது.

ஆனாலும் பட்டியல் முறையாகத்தான் போட்டேன். படிப்பதில் குறை வைக்கவில்லை.

பவளப் பாறை பார்க்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாதான். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம்வரை சங்கிலியாக 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. பவளத்தை வெட்டி எடுத்து எடுத்து, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. தேசியப் பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, வனத்துறையின் கட்டுப்பாடு உண்டு. மண்டபம் பக்கம் டைவிங் சொல்லிக் கொடுப்பவர்கள் அதற்கு வெளியேதான் கூட்டிப் போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். தங்கினால் வீட்டில் என்ன சொல்வது? அடித்துவிட்டேன்.

அடுத்தது கர்நாடகத்தில் முருடேசுவரம். கரையிலிருந்து படகில் போனால் நேத்ராணி தீவு. டைவர்கள் அதைப் புகழாத நாளில்லை. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மூடிவிடுவார்கள், மழை ஓய்ந்த பிறகுதான் திறக்கும். பெங்களூரு வழியாக எழுநூறு கிலோமீட்டர் சொச்சம். அது காரில் போகிற தூரம்தான், ஆனால் திண்டிவனம் பார்ட்டி கதை அங்கே செல்லாது.

மிச்சம் இருந்தவை சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையும் புதுச்சேரியும். புதுச்சேரி எங்களுக்கு நூறு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். செஞ்சி, திண்டிவனம் வழியாக விடியற்காலையில் இரண்டரை மணி நேரம். அங்கே கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, 18 மீட்டர் ஆழத்தில், கான்கிரீட் கட்டை, பாறை, மரம், பனையோலை, இரும்புக் கம்பி எல்லாம் இறக்கி 2013-இல் ‘டெம்பிள் ரீஃப்’ என்ற செயற்கைத் திட்டை உருவாக்கியிருக்கிறார்கள். மணலாகக் கிடந்த அடிக்கடலில் இன்றைக்கு மீன் மொய்க்கிறது. முதன்முதலாக முங்குபவனை அவ்வளவு ஆழத்துக்கு விடமாட்டார்கள். பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு அதிகபட்சம் 12 மீட்டர், அதற்கு முன் ஆழமில்லாத தண்ணீரில் பழக்குவார்கள். வங்காள விரிகுடாவில் தண்ணீரின் தெளிவு ஒரே மாதிரி இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சேறு அடங்கச் சில வாரங்கள் ஆகும்.

தண்ணீரின் தெளிவு, பருவம், ஆழம், படகு, பயிற்சியாளரின் தகுதி என்று ஒரு நல்ல இடத்தைத் தேர்ந்தெடுக்க எத்தனையோ அளவுகோல்கள் உண்டு. கடைசியில் நான் எதைவைத்துத் தேர்ந்தெடுத்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஓர் இடத்துக்குப் போன் செய்தேன். மறுநிமிடம் வாட்ஸ்அப்பில் மருத்துவப் படிவம் வந்தது. “சார், இதுல ஒண்ணுக்கு ஆமாம்னு வந்தாலும் கேட்டிருக்கிற டாக்டர் கையெழுத்து இல்லாம நாங்க படகுல ஏத்த மாட்டோம். இப்பவே பாத்துடுங்க” என்றார் ஒரு பெண். படிவத்தைத் திறந்தேன். முதல் கேள்வியே நுரையீரல், மூச்சு, இதயம் பற்றியது. மூடிவிட்டேன். என் நண்பனிடம், “அங்க தண்ணி கலங்கலா இருக்குமாம்பா” என்றேன். இன்னொரு இடத்தில் எடுத்தவர், “வாங்க சார், படிவமெல்லாம் இங்க வந்து ஃபில் பண்ணிக்கலாம்” என்றார். அங்கே பணம் கட்டினேன். கேள்வி கேட்பவரை விட்டுக் கேட்காதவரிடம் போனேன். என் வாடிக்கையாளர் எவராவது இதே காரணத்துக்காக என்னை விட்டு இன்னொரு ஏஜென்ட்டிடம் போயிருந்தால், அவர் விளங்கமாட்டார் என்று சாபம் விட்டிருப்பேன்.

கையெழுத்துப் போடும்போது ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். எனக்கு இருப்பது ‘வீசிங்’, படிவத்தில் கேட்டிருப்பது ‘ஆஸ்துமா’. இந்தச் சமாதானத்தைச் செங்கத்தில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னபோது, ரெண்டும் ஒண்ணுதாங்கய்யா என்று விளக்கியவனும் நானேதான்.

ஏன் கேட்கிறார்கள் என்பதை எல்லாம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முதுகில் கட்டும் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அது சாதாரணக் காற்று. 200 பார் அளவுக்கு அழுத்தி, உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க ஈரத்தையெல்லாம் எடுத்துவிட்ட வறண்ட காற்று. ரெகுலேட்டர் வழியாக அது விரிந்து வரும்போது குளிர்ந்தும் இருக்கும். வறண்ட குளிர் காற்று என்றால் ஆஸ்துமாக்காரனின் மூச்சுக்குழாய் சுருங்கும். மார்கழி அதிகாலையில் எனக்கு நடப்பதும் அதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் காற்றின் அடர்த்தி கரையில் இருப்பதைப்போல இரு மடங்கு, இழுக்கவே கூடுதல் பாடுபட வேண்டும். அபாயம் இறங்கும்போது இருப்பதைவிட ஏறும்போதுதான் அதிகம். பத்து மீட்டரில் நுரையீரலை நிரப்பிய காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அதனால்தான் டைவிங்கில் முதல் விதி, மூச்சை அடக்காதே. சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் காற்று மாட்டிக்கொண்டால், நீங்கள் அடக்காவிட்டாலும் நுரையீரலின் ஒரு மூலை தானாக அடக்கிக்கொள்ளும். விரிவதற்கு இடமில்லாமல் அது கிழித்துக்கொண்டு ரத்தத்தில் இறங்கினால், குமிழி மூளைக்குப் போக அதிக நேரம் ஆகாது.

ஒரு காலத்தில் ஆஸ்துமா என்றாலே டைவிங் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். இப்போது மருத்துவர்கள் ஆளைப் பார்த்துச் சொல்கிறார்கள். பிரிட்டனில் உள்ள வழிமுறை ஒன்று, நோய் கட்டுக்குள் இருந்து, நுரையீரல் பரிசோதனை சரியாக வந்து, 48 மணி நேரத்தில் நிவாரண இன்ஹேலர் தேவைப்படாமலும் இருந்தால் அனுமதிக்கலாம் என்கிறது. குளிரிலோ, உடல் உழைப்பிலோ, பதற்றத்திலோ இரைப்பு வருகிறவர்களுக்குக் கிடையாது. ஆக, நேர்மையாகக் கேட்டிருந்தால் சிலருக்குக் கதவு திறக்கும். எனக்குத் திறக்காது என்று உள்ளுக்குள் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

இன்ஹேலரைக் காரின் டேஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் படகு ஏறினேன். பையில் வைத்திருந்தால் யாராவது பார்த்துவிடுவார்களே. எனக்குப் பயிற்சியாளராக வந்தவன் இருபத்தைந்து வயதைத் தாண்டாத மீனவர் வீட்டுப் பையன். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். விரலை வட்டமாகப் பிடித்தால் சரி, கட்டை விரலை உயர்த்தினால் மேலே போகலாம், உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ சரியில்லை. இறங்க இறங்க மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துவிட வேண்டும். மாஸ்க் முகத்தை இறுக்கினால் மூக்கு வழியாக அதற்குள் கொஞ்சம் காற்று விட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கயிற்றைப் பிடித்து இறங்கினோம். சில மீட்டர்தான் போயிருப்போம். பச்சையாகக் கலங்கிய வெளிச்சம், கயிற்றில் படிந்த பாசி, பக்கத்தில் மஞ்சள் வரி போட்ட குட்டி மீன்கள். அவற்றை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. நெஞ்சில் அந்தப் பழைய பட்டை இறுக ஆரம்பித்தது. காற்று உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு இது புரியும். மூச்சை விடுவதுதான் கஷ்டம். பையன் என் கண்ணாடிக்கு நேராக வந்து, விரலை வட்டமாகப் பிடித்து ‘சரியா?’ என்று கேட்டான்.

நானும் விரலை வட்டமாகப் பிடித்துக் காட்டினேன்.

படிவத்தில் பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். தண்ணீருக்கடியில், என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவனிடம், மூச்சு முட்டும்போது கையால் பொய் சொன்னேன். மச்சானுடைய வீடியோ அப்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் என் கையை நம்பவில்லை. என் குமிழிகளைப் பார்த்தான், காற்றளவு காட்டும் கேஜைப் பார்த்தான். ஜாக்கெட்டின் தோள்பட்டியைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலை உயர்த்தினான். மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினான். ஏறும் வழியெல்லாம் தன் நெஞ்சிலிருந்து வாய்க்குக் கையைக் கொண்டுபோய், ஊது ஊது என்று காட்டிக்கொண்டே வந்தான். எனக்கு ஒன்றும் ஆகாததற்கு அந்த நிதானமும், நாங்கள் அதிக ஆழம் போகாததும்தான் காரணம்.

படகில் ஏற்றி முன்னால் குனிந்து உட்காரவைத்தார்கள். “அண்ணா, வீசிங் எதாவது இருக்கா? மறைக்காம சொல்லுங்கண்ணா” என்றான். “இல்லப்பா, உப்புத் தண்ணி உள்ள போயிடுச்சு” என்றேன். மற்றவர்கள் முங்கி எழும்வரை படகு திரும்பாது. அதுவரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டேன். கரையில் காருக்குள் இருந்த அந்த நீலக் குப்பியைத் தவிர வேறு நினைப்பில்லை.

கரைக்கு வந்ததும் பொறுப்பாளர் அந்தப் பையனைக் கூப்பிட்டார். “வாயில தண்ணி போற அளவுக்கு என்னடா சொல்லிக் குடுத்த?” என்று எல்லார் முன்னாலும் திட்டினார். பையன் ஒரே ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன். பொறுப்பாளர் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டு, கட்டிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அதைப் பையனின் கூலியில் பிடித்தார்களா என்று நான் கேட்கவில்லை.

திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் கண்ணாடியில் பார்த்தேன், இரண்டு கண்ணிலும் வெள்ளை முழிக்குப் பதில் ரத்தச் சிவப்பு. பதற்றத்தில் மாஸ்க்குக்குள் காற்று விட மறந்ததன் பலன் அது. உள்ளே அழுத்தம் குறைந்து கண்ணின் நுண் ரத்தக்குழாய்கள் உடைந்துவிடும். பார்க்கத்தான் பயங்கரம், ஒன்றிரண்டு வாரத்தில் தானாக மறையும். வீட்டில் மெட்ராஸ் ஐ என்று சொன்னேன். என் மனைவி தனித் துண்டு, தனித் தட்டு, தனித் தலையணை வைத்தாள். பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பினாள். இல்லாத நோய்க்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். அவள் விரலால் இமையைப் பிரிக்கும்போது கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பேன். பிரீமியம் கட்ட வந்தவர்கள் வாசலோடு பணத்தை நீட்டிவிட்டு ஓடினார்கள்.

ரொம்ப நாள் கழித்து ஒரு ராத்திரி அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். ஏஜென்ட் பெண்டாட்டி அல்லவா, “அங்கயே போயிருந்தா க்ளைம் வந்திருக்குமா?” என்று கேட்டாள். யோசித்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. ஆயுள் பாலிசி பழையது, அதில் ஆஸ்துமாவை ஒழுங்காக எழுதியிருந்தேன், அது வந்திருக்கும். விபத்துக் காப்பீடு சந்தேகம்தான். சாகச விளையாட்டுகளைப் பெரும்பாலான விபத்து பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கும். “அப்ப கம்பெனிகிட்ட உண்மை, எங்கிட்டதான் பொய்” என்றாள். அதற்குப் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் புதுச்சேரிக்குப் போன் போட்டு, தப்பு பையன்மேல் இல்லை, எனக்கு ஆஸ்துமா என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “சார், உங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா அந்தப் பையன்மேல கேஸ் போட்டிருப்பாங்க. அவன் வாழ்க்கை போயிருக்கும்” என்றார். உண்மைதான். நான் அதுவரை என் வீட்டு நாமினியைப் பற்றித்தான் கணக்குப் போட்டிருந்தேன். பையனின் நம்பரைக் கேட்டேன். தரவில்லை. “நானே சொல்லிக்கறேன்” என்று வைத்துவிட்டார். வாங்கிய பாதிப் பணத்தை அவன் பெயர் சொல்லி ஜிபேயில் திருப்பி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

இந்தப் பக்கத்திலிருந்து டைவிங் போக நினைப்பவர்கள் என்னைப் போல இடம் தேடாதீர்கள். போன் செய்ததும் முதலில் மருத்துவப் படிவத்தைக் கேளுங்கள். அனுப்பாமல் வாங்க பார்த்துக்கலாம் என்பவரை விட்டுவிடுங்கள். டாக்டர் கையெழுத்து இல்லாமல் ஏற்றமாட்டோம் என்பவரிடம் போங்கள், தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. திரும்பும் வழியையும் பாருங்கள். டைவ் முடித்து விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம் ஆக வேண்டும், பலமுறை முங்கியிருந்தால் 18 மணி நேரம். இந்தக் கணக்கு 2,000 அடிக்கு மேல் போகும் எவருக்கும் பொருந்தும். நம் ஊர் அடிவாரத்துக்குக் கவலையில்லை. ஆனால் மலை உச்சி 2,668 அடி, காலையில் முங்கிவிட்டு மாலையில் மலை ஏறக் கூடாது. பெங்களூரு 3,000 அடி உயரம். அங்கிருந்து காரில் வருகிறவர்கள் ஒரு ராத்திரி கீழேயே தங்கிப் போவது நல்லது.

மூச்சிரைப்பு உள்ளவர்கள் நுரையீரல் மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி செய்து, படிவத்தை அவரிடமே கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் மன்னார் வளைகுடாவில் வனத்துறை விடும் கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்து பார்க்கலாம், நனையாமலே பவளம் தெரியும். நான் படிவத்தைக் கொண்டுபோனேன். டாக்டர் கையெழுத்துப் போடவில்லை.